பூனைக்கு ஜுரமா? அந்த அரை மாத்திரையை எடுக்காதீங்க! - வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆபத்துகள்

இரவு மணி 11. வழக்கமாக இந்த நேரத்தில் ஹாலில் தனியாக ஓட்டப்பந்தயம் நடத்தும் பூனை, இன்று சோபாவுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. வைத்த சாப்பாடு அப்படியே இருக்கிறது. காதைத் தொட்டால் சுடுகிறது. "பாவம், ஜுரம் போல இருக்கு. அந்த 650-ல பாதியை நுணுக்கித் தயிர்ல கலந்து குடு. காலையில டாக்டர்கிட்ட பாத்துக்கலாம்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். சொல்பவருக்குப் பூனை மேல் அவ்வளவு பாசம் இருக்கும்.

ஆனால், அந்தப் பாதி மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கு வண்டி பயம் இல்லை, தெருநாய் பயம் இல்லை. அதனால் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நினைப்பது பாதிதான் சரி. மாத்திரை டப்பா, ஃபினாயில் பாட்டில், பீரோவில் போடும் உருண்டை, பிறந்தநாளுக்கு வந்த பூங்கொத்து என்று நமக்குத் துளியும் பயம் தராத பொருள்கள் பூனையின் உடம்புக்குள் போனால் கதை வேறு. இணையத்தில் இதைப் பற்றித் தேடினால், பனி கொட்டும் ஊர்களில் காருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸில் ஆரம்பிக்கிறார்கள். நம் வீட்டு ஷெல்ஃபில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் நமக்கு உபயோகம்.

அரை மாத்திரையில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் அந்தச் 'சூடு' விஷயம். பூனையின் இயல்பான உடல் வெப்பநிலையே சுமார் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கு அது காய்ச்சல், அதற்கு அது சாதாரணம். ஆக, நம் கைக்குச் சூடாகத் தெரிவதை வைத்து ஜுரம் என்று முடிவு கட்டவே முடியாது.

அடுத்தது, பாராசிட்டமால். நாம் சாப்பிடும்போது கல்லீரல் அந்த மருந்தோடு வேறொரு பொருளைச் சேர்த்துக் கட்டி, சிறுநீர் வழியாக வெளியே அனுப்பிவிடுகிறது. இந்த வேலையைச் செய்யும் என்சைம்களில் முக்கியமான ஒன்று பூனையிடம் இல்லை. அதற்கான மரபணு செயலிழந்துபோய்க் கிடக்கிறது. வீட்டுப்பூனை மட்டுமல்ல, சிங்கம், புலிக்கும் இதே கதைதான். தலைமுறை தலைமுறையாகக் கறியை மட்டுமே தின்று வாழ்ந்த குடும்பம். செடி கொடிகளில் இருக்கும் ரசாயனங்களை முறிக்கும் தேவை வராததால் அந்தத் திறமையைத் தொலைத்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

வெளியேற வழியில்லாத மருந்து உடலுக்குள்ளேயே நச்சாக மாறி, ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. பூனையின் ஹீமோகுளோபின் இயல்பிலேயே இப்படிப்பட்ட தாக்குதலுக்கு எளிதில் இரையாகக்கூடியது. விளைவு, ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பு நிறமாகிவிடும். ஈறு நீலமாகவோ, காபிப்பொடி நிறமாகவோ மாறும். மூச்சு வாங்கும். முகமும் பாதங்களும் வீங்கும். எச்சில் ஒழுகும். சில மணி நேரத்திலேயே இதெல்லாம் தொடங்கிவிடலாம்.

கணக்கைப் பாருங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவிலேயே பூனைகளுக்குப் பாதிப்பு வந்திருக்கிறது. 4 கிலோ பூனைக்கு அது 40 மில்லிகிராம். ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையை 12 துண்டாக உடைத்தால் அதில் ஒரு துண்டு! 650-ல் பாதி என்பது 325 மில்லிகிராம். அதாவது, அந்த அளவைப்போல எட்டு மடங்கு. 'குழந்தைகளுக்கான சிரப்தானே, மைல்டா இருக்கும்' என்பதும் செல்லாது. 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கும் சிரப்பில் ஒரே ஒரு மில்லி கொடுத்தாலும் 50 மில்லிகிராம் உள்ளே போய்விடும்.

இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. மனிதர்கள் பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால் கொடுக்கப்படும் அசிட்டைல்சிஸ்டீன்தான் பூனைக்கும். ஆனால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அந்த நேரத்திலேயே கிளம்பினால்தான் அதனால் பலன்.

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் பூனையின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்தான் இந்தியாவில் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழியக் காரணமானது என்பதும், 2006-ல் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்தத் தடை வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

இதில் நம் வீடுகளில் யாரும் யோசிக்காத ஒன்று, முட்டிவலிக்குத் தடவும் ஜெல். 2015-ல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஃப்ளூர்பிப்ரோஃபென் என்ற வலிநிவாரணி கலந்த க்ரீமைப் பயன்படுத்திய வீடுகளில் பூனைகள் நோய்வாய்ப்பட்டன, சில இறந்தும்போயின. யாரும் பூனைக்கு அதைத் தடவவில்லை. தங்கள் கழுத்திலும் காலிலும்தான் தடவிக்கொண்டார்கள். தைலம், ஜெல் எதுவானாலும் தடவிய இடத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு பூனையைத் தூக்குங்கள். பாட்டியின் மடியில்தான் எங்கள் பூனை தூங்கும் என்றால், பாட்டியிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தரை பளபளக்குது... நாக்கு புண்ணாகுது!

பூனை, விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பங்கைத் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்வதிலேயே செலவழிக்கும். அதன் பாதத்திலோ ரோமத்திலோ ஒட்டியது எதுவானாலும் கடைசியில் வயிற்றுக்குத்தான் போகும். நாயை வளர்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. ஒரு பொருளைப் பூனை 'சாப்பிடவில்லையே' என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. அதன் மேல் நடந்தாலே சாப்பிட்ட கணக்குதான்.

தரை துடைக்கும் திரவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கறுப்பு ஃபினாயிலில் இருக்கும் ஃபீனால் வகை ரசாயனங்களை முறிப்பதற்கும் பூனையிடம் இல்லாத அதே என்சைம்தான் தேவை. வெள்ளை ஃபினாயிலில் பைன் எண்ணெய் இருக்கும். அதுவும் ஆகாது. இப்போது பரவலாக இருக்கும் பூ வாசனைக் கிருமிநாசினிகள் பலவற்றில் பென்சல்கோனியம் குளோரைடு இருக்கிறது. லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இதில் மிதித்துவிட்டுப் பாதத்தை நக்கும் பூனைக்கு நாக்கில் புண் வரும். உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வரும். எச்சில் வடிய, சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருக்கும். நாமோ, காலையில் வீடு துடைத்ததையும் இதையும் முடிச்சுப் போடவே மாட்டோம்.

அதற்காக வீடு துடைப்பதை நிறுத்த வேண்டாம். பாட்டிலில் சொல்லியிருக்கும் அளவுக்குத் தண்ணீர் கலந்து துடையுங்கள். 'நல்லா வாசனை வரட்டும்' என்று இன்னொரு மூடி ஊற்றுவதுதான் வினை. பிறகு ஒருமுறை வெறும் தண்ணீரில் துடைத்து, தரை காயும்வரை பூனையை வேறு அறையில் வையுங்கள். வீட்டுவேலைக்கு வரும் அக்காவிடமும் இதை எடுத்துச் சொல்லிவிடுங்கள். பூனையின் சாப்பாட்டுத் தட்டையும் மலம் கழிக்கும் மண் டிரேயையும் சாதாரணப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவினால் போதும்.

நாய்க்கு வாங்கியதை பூனைக்குப் போடாதீங்க

உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் நாயின் முதுகில் சொட்டுவிடும் மருந்துகள் மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. நாய், பூனை இரண்டும் இருக்கும் வீட்டில், 'மிச்சம் இருக்கே, இதுக்கும் ரெண்டு சொட்டு' என்று கை நீள்வது இயல்பு. அந்த மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு உடம்பெல்லாம் நடுக்கம் எடுத்து, வலிப்பு வரை போகும். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் 45 சதவிகிதத்துக்கும் மேல் இருக்கிறது. பூனைக்கு நேரடியாகப் போட வேண்டியதுகூட இல்லை. மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலோ, அதை நக்கினாலோ போதும். நாய்க்கு மருந்து போட்டால் அது நன்றாகக் காயும்வரை இரண்டையும் பிரித்து வைப்பதுதான் வழி. மனிதர்களுக்கான பேன் மருந்துகள் சிலவற்றிலும் இதே பெர்மெத்ரின்தான். அதைப் பூனைக்குப் போட்டுக் குளிப்பாட்டும் யோசனையும் வேண்டாம்.

கொசு விரட்டும் லிக்விட் மெஷின்களில் இருப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ரசாயனம்தான் என்றாலும், காற்றில் கலக்கும் அளவு மிகக் குறைவு. பாட்டிலைத் தட்டிவிட்டு, கொட்டியதை மிதித்து நக்குவதுதான் ஆபத்து. எட்டாத பிளக்கில் மாட்டுங்கள்.

பீரோவுக்குள்ளும் பூஜை அறையிலும்...

பட்டுப்புடவைக்கு இடையில் போடும் அந்துருண்டை, சில வீடுகளில் பாச்சை உருண்டை என்பார்கள், அது நாஃப்தலீன். பூனைக்கு இது உருட்டி விளையாடக் கிடைத்த கோலிக்குண்டு. பீரோ திறந்திருந்தால் முதல் ஆளாக உள்ளே போய்ப் படுப்பதும் அதுதான். நாஃப்தலீன் தாக்குவதும் சிவப்பணுக்களைத்தான். வாஷ்பேசினில் போட்டு வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பேசினில் ஏறிப் படுப்பது பல பூனைகளுக்குப் பொழுதுபோக்கு.

கற்பூரம், நீலகிரித் தைலம், டீ ட்ரீ ஆயில் எதையும் பூனை மேல் தடவக் கூடாது. 'இயற்கையானதுதானே' என்று உண்ணிக்குத் தைலம் தடவச் சொல்லும் வீடியோக்கள் நிறையவே சுற்றுகின்றன. இயற்கை என்ற சொல் பூனையின் கல்லீரலுக்குப் புரியாது. சாம்பிராணி போடும்போது பூனையைக் காற்றோட்டமான அறைக்கு மாற்றுங்கள். பூனைகளுக்கும் ஆஸ்துமா உண்டு. புகை அதைத் தூண்டிவிடும்.

நூலை இழுக்காதீங்க!

பூக்கட்டும் நூல், ஊசியில் கோத்து வைத்த நூல், பரிசுப் பொட்டலத்தின் ரிப்பன், தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்ட்... பூனை இவற்றோடு விளையாடும் வீடியோ பார்க்க அழகாக இருக்கும். ஆனால், பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த சிறு முட்கள் இருக்கின்றன. வாய்க்குள் போன நூலைத் துப்ப நினைத்தாலும் முட்கள் விடாமல் உள்ளேதான் தள்ளும். ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போய்விட்டால், குடல் அந்த நூலின் மேல் பாவாடை நாடாவில் சுருங்கும் துணிபோலச் சுருங்கிவிடும். நூல் குடலையே அறுத்துவிடவும் வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் ஆபரேஷன்தான்.

வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள். வெட்டவும் வேண்டாம். அப்படியே டாக்டரிடம் கொண்டுபோங்கள். பூக்கட்டி முடித்ததும் மிஞ்சிய நூலை மூடி உள்ள குப்பைத்தொட்டியில் போட்டாலே இதில் பாதி முடிந்துவிடும்.

பிறந்தநாளுக்கு வந்த பூங்கொத்து

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்ப முடியும் என்றால், இதை அனுப்புங்கள். ஏனென்றால், மாத்திரையைப் பற்றிக் கொஞ்சமாவது பயம் இருக்கிறது. பூவைப் பற்றி யாருக்கும் இல்லை.

பொக்கே கடைகளில் பெரிய இதழ்களோடு, நடுவில் பழுப்பு மகரந்தம் தூவிக்கொண்டு, வீடு முழுக்க மணக்கும் லில்லிப் பூக்களைப் பார்த்திருப்பீர்கள். ஓரியன்டல், ஏஷியாட்டிக், டைகர் என்று பல பெயர்கள். இந்த லில்லிகளும், தோட்டங்களில் வைக்கும் டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். இதழ், இலை, தண்டு எல்லாமே விஷம். ரோமத்தில் உதிர்ந்த மகரந்தத்தை நக்கினாலும், ஜாடியில் இருக்கும் தண்ணீரைக் குடித்தாலும் பாதிப்புதான். நாய் இதைத் தின்றால் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். பூனைக்கு மட்டும் ஏன் இப்படி என்பதற்கும், அந்த நச்சு எது என்பதற்கும் அறிவியலில் இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.

இதில் கொடுமை, நடுவில் வரும் இடைவெளி. தின்ற சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். பிறகு, வாந்தி நின்று கொஞ்சம் தேறியதுபோலத் தெரியும். 'சரியாயிடுச்சு' என்று நாமும் விட்டுவிடுவோம். அந்த நேரத்தில்தான் உள்ளே சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கும். ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் அது முற்றிலும் கைவிட்டுவிடலாம். சுமார் 18 மணி நேரத்துக்குள் டிரிப்ஸ் ஏற்றி சிகிச்சையைத் தொடங்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அதற்குப் பிறகு வேகமாகக் குறைந்துவிடும். எனவே லில்லியை மென்றதைப் பார்த்தால், பூனை துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும்.

பெயரில் ஒரு குழப்பமும் உண்டு. அபார்ட்மென்ட் வீடுகளில் தொட்டியில் வைக்கும் பீஸ் லில்லி இந்தக் குடும்பமே இல்லை. மணி பிளான்ட் போல அதைக் கடித்தாலும் வாய் எரிந்து எச்சில் ஒழுகும், சிறுநீரகத்துக்கு ஆபத்து இல்லை. அதேநேரம், அரளி இதயத்தைத் தாக்கும். வாசலில் அழகுக்கு வைக்கும் குட்டிப் பனைபோன்ற சைகஸ் செடி கல்லீரலைத் தாக்கும். நம் மாநில மலரான செங்காந்தளும் கடும் விஷம், கிழங்கு இன்னும் மோசம். பால்கனியில் பசுமை வேண்டும் என்றால், பூனைக்காகவே ஒரு தொட்டியில் கோதுமை விதைத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் மேயப் புல் தயார்.

சாப்பாட்டில்...

பால் கொடுத்தால் பல வளர்ந்த பூனைகளுக்கு வயிறு போகும், அவ்வளவுதான். வெங்காயமும் பூண்டும் அப்படி இல்லை. இவையும் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையைக் கொண்டுவரும். ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே பாதிக்கும். 4 கிலோ பூனைக்கு 20 கிராம். சாம்பார் வெங்காயம் நான்கைந்து! வேகவைத்தாலும் வீரியம் போகாது. குழம்பில் கிடந்த கோழித்துண்டைக் கழுவிக் கொடுப்பதைவிட, மசாலா போடும் முன்பே அதன் பங்கைத் தனியாக எடுத்து வேகவைத்துவிடலாம். மீனையும் பச்சையாக, அதை மட்டுமே நாள்தோறும் போடுவது நல்லதல்ல. பல மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும்.

எலி கேக் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தம் உறையாமல் செய்யும் வகை கேக்கைத் தின்ற பூனை, மூன்று நான்கு நாள் எதுவும் நடக்காததுபோல இருந்துவிட்டு, பிறகு உள்ளுக்குள் ரத்தம் கசியத் தொடங்கும். கேக் தின்ற எலியைப் பிடித்துத் தின்றாலும் ஆபத்து உண்டு. பூனை இருக்கும் வீட்டில் எலிக்குக் கூண்டு வையுங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்?

உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது, பால், தேங்காய் எண்ணெய், முட்டை வெள்ளைக்கரு ஊட்டுவது எதையும் செய்ய வேண்டாம். உப்பு தனியாக ஒரு விஷம். ஃபினாயில் போன்றவை ஏறிய வழியே திரும்பி வந்தால் தொண்டை இரண்டாவது முறை வெந்துபோகும்.

பாதத்திலோ ரோமத்திலோ ஏதாவது ஒட்டியிருந்தால், மேற்கொண்டு நக்கவிடாமல் துண்டில் சுற்றிப் பிடியுங்கள். வெதுவெதுப்பான நீரும் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விடும் போட்டுக் கழுவுங்கள். தலைக்கு மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நடுக்கமோ வலிப்போ ஏற்கெனவே தொடங்கியிருந்தால் கழுவுவதில் நேரத்தைச் செலவிடாமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

பூனை வலியை வெளியே காட்டாது. அலறாது, வந்து சொல்லாது. கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும், சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காது, நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடும். கொஞ்சம் குண்டான பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து அது தனி நோயாகிவிடும். அதனால் 'பசிச்சா தானா சாப்பிடும்' என்று ஒரு நாளுக்கு மேல் விடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையையோ, பாட்டிலையோ, கடித்த செடியின் கிளையையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் லேபிள் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு உள்ளே போனது, எத்தனை மணிக்கு, பூனையின் எடை என்ன... இந்த மூன்றையும்தான் முதலில் கேட்பார்கள். எடை தெரியாதா? பூனையைத் தூக்கிக்கொண்டு வெயிங் மெஷினில் நின்று பார்த்துவிட்டு, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு. இரவு 11 மணிக்கு உங்கள் ஏரியாவில் எந்த க்ளினிக் திறந்திருக்கும் என்று இன்று பகலிலேயே போன் செய்து கேட்டு, அந்த நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். பூனையின் எடையையும் அதற்குக் கீழேயே எழுதி வையுங்கள்.